காற்றும் கனலும்

ஓர் ஊதுபத்தியைத் தீக்குச்சியால் கொளுத்துகிறோம். நுனியில் சிறு சுடர் எழுகிறது. வாயால் ஒருமுறை ஊதுகிறோம். சுடர் அணைந்துவிடுகிறது. அதே கணத்தில் பத்தியின் நுனி முன்னைவிடச் சிவந்து ஒளிர்கிறது. ஊதியது ஒரு மூச்சு. ஊதப்பட்டது ஒரு பத்தி. அந்த ஒரே மூச்சு சுடரை அணைத்துக் கனலை வளர்த்தது எவ்வாறு?

பூசை அறையில் நாள்தோறும் நடக்கும் இந்நிகழ்ச்சியை நாம் வியப்போடு பார்ப்பதில்லை. விளக்கை அணைக்க ஊதுகிறோம். அடுப்பை எரிக்கவும் ஊதுகிறோம். ஆயினும் இவ்வினாவுக்கு விடை தெரிந்தவர்க்கு அடுப்பு, அரிக்கேன் விளக்கு, கரும்பாலை, காட்டுத் தீ ஆகிய யாவும் ஒரே பாடத்தின் வெவ்வேறு பக்கங்களாகத் தோன்றும். இயற்பியல் மாணவனாகிய நான் இப்பாடத்தை வகுப்பறையில் பாதியும் எங்கள் ஊரில் மீதியும் கற்றேன்.

எங்கள் ஊர் கொமரலிங்கம். அமராவதி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் ஊர். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை எங்கள் வட்டாரத்தின்மேல் பாய்கிறது. உடுமலையைச் சுற்றியும் தாராபுரம் சாலையிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இக்காற்றை நம்பித்தான். மின்சாரம் தரும் அதே காற்று, கையில் தீயோடு வேலை செய்பவனுக்கு நண்பனாகவும் பகைவனாகவும் இருக்கிறது.

சுடர் என்பது என்ன?

மெழுகுவர்த்தியில் எரிவது எது? திரி என்று பலர் சொல்வார்கள். மெழுகு என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் எரிவது மெழுகின் ஆவியே ஆகும். வெப்பத்தால் உருகிய மெழுகு திரியின் வழியே மேலேறி ஆவியாகிறது. அந்த ஆவி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடும் மெல்லிய எல்லையே நாம் காணும் சுடர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்காக ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியவை. அவற்றில் அவர் காட்டிய சோதனை ஒன்றை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். மெழுகுவர்த்தியை மெல்ல அணைத்தவுடன் எழும் வெண்புகையில் ஓர் எரியும் குச்சியைக் காட்டினால், சுடர் புகை வழியே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எரிவதற்கு மூன்று பொருள்கள் தேவை என்று பள்ளியிலேயே படித்தோம்: எரிபொருள், பிராணவாயு, வெப்பம். காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. நைட்ரஜன் 78 விழுக்காடு. ஓரிடத்தில் தேங்கி நிற்கும் காற்றில் பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே எந்தச் சுடரும் புதிய காற்று வந்துகொண்டே இருந்தால்தான் வாழும்.

அக்காற்றைச் சுடர் தானே வரவழைத்துக்கொள்கிறது. 1200 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள வாயு, அறை வெப்பநிலையிலுள்ள காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது. எனவே அது மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. சுடர் மேல்நோக்கிக் கூராக நிற்பது இந்த வெப்பச்சலனத்தால்தான். 1992-ஆம் ஆண்டு கொலம்பியா விண்வெளி ஓடத்தில், பொருள்கள் எடையற்றிருக்கும் நிலையில் மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பார்த்தார்கள். அங்கே மேல், கீழ் என்பது இல்லை. சூடான வாயு மேலே எழவும் வழியில்லை. சுடர் கூர் இழந்து, நீல நிறத்தில் ஓர் அரைக்கோளமாக மங்கி எரிந்தது. காற்றோட்டம் இல்லாத சுடரின் உருவம் அதுவே.

அணைக்கும் காற்று

அப்படியானால் ஊதும்போது அதிகக் காற்றுதானே கிடைக்கிறது? சுடர் ஏன் அணைகிறது?

காற்று ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பிராணவாயுவைக் கொண்டுவருகிறது; வெப்பத்தைக் கொண்டுபோகிறது. வரவு மிகுந்தால் தீ வளரும். செலவு மிகுந்தால் தீ அணையும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்த வரவு செலவுக் கணக்கே.

மெழுகுச் சுடரிடம் உள்ள வெப்பச் சேமிப்பு மிகவும் அற்பம். அது வெப்பநிலையில் உயர்ந்தது. ஆனால் எடையில் ஒன்றுமில்லாத வாயு. சில்லறைக் காசை உள்ளங்கையில் வைத்திருப்பவனைப் போன்றது. நாம் ஊதும்போது அந்தச் சூடான வாயு முழுவதும் திரியைவிட்டு அகன்றுவிடுகிறது. புதிதாக எழும் மெழுகாவி குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. பற்றிக்கொள்ளப் போதிய வெப்பம் அங்கே இல்லை.

இதை நேரக் கணக்காகவும் பார்க்கலாம். எரிதல் என்ற வேதிவினை நிறைவேற ஒரு சிறு கால அளவு தேவை. எரிபொருளும் காற்றும் சுடரின் பகுதியில் தங்கியிருக்கும் கால அளவு மற்றொன்று. தங்கும் நேரம் வினைக்கு வேண்டிய நேரத்தைவிடக் குறைந்துவிட்டால் சுடர் நிலைக்காது. இவ்விரு நேரங்களின் விகிதத்தை ஜெர்மானிய அறிஞர் டாம்கோலரின் பெயரால் டாம்கோலர் எண் என்று அழைக்கிறார்கள். சமையல் எரிவாயு சரியான அளவில் காற்றோடு கலந்திருக்கும்போது அதில் சுடர் முன்னேறும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான். நம் வாய்க்காற்றோ நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது. போட்டியில் யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை.

சுடர் பெரிதானால் என்ன ஆகும்? கார்த்திகைத் திருநாளில் திருவண்ணாமலையில் 2668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். அங்கே வீசும் காற்றில் ஓர் அகல் விளக்கு ஒரு நொடிகூட நில்லாது. மகாதீபமோ நிற்கிறது. கொப்பரையும் நெய்யும் கனத்த திரியும் வெப்பத்தைத் தம்மிடம் சேர்த்து வைத்திருக்கின்றன. காற்று ஒரு பக்கத்தில் சுடரைப் பிய்த்தெறிந்தாலும் மறுபக்கத்தில் எஞ்சிய சுடர் மீண்டும் பற்ற வைத்துவிடுகிறது. சில்லறை வைத்திருந்தவன் இங்கே செல்வந்தனாகிவிட்டான். கொஞ்சம் செலவு அவனைப் பாதிக்காது.

ஆயினும் செல்வந்தனையும் ஓட்டாண்டி ஆக்கும் காற்று உண்டு. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது குவைத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் தீக்கிரையாயின. அவற்றை அணைக்க வந்த பல குழுக்களில் ஹங்கேரி நாட்டுக் குழுவினர், பழைய டாங்கி ஒன்றின்மேல் மிக்-21 விமானத்தின் இரண்டு ஜெட் எஞ்சின்களைப் பொருத்திக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் கலந்து அடித்தபோது கிணற்றுச் சுடர் வாயினின்றும் பெயர்த்தெறியப்பட்டு அணைந்தது. நாம் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைக்கும் அதே தத்துவம், அளவுதான் வேறு.

வளர்க்கும் காற்று

இனி ஊதுபத்தியின் கனலுக்கு வருவோம். கனல் வாயு அன்று, திடப்பொருள். கரியின் மேற்பரப்பிலேயே எரிதல் நடக்கிறது. எரிபொருள் காற்றோடு பறந்துவிடாது. வெப்பமும் கரிக்குள்ளேயே தங்கியிருக்கிறது. கனலுக்கு உள்ள ஒரே குறை பிராணவாயு. அதன் மேற்பரப்பைச் சாம்பலும் எரிந்து முடிந்த வாயுவும் போர்வைபோல் மூடியிருக்கின்றன. ஊதும்போது அந்தப் போர்வை விலகிப் புதிய பிராணவாயு மேற்பரப்பைத் தொடுகிறது. வரவு செலவைவிடப் பெருகுகிறது; கனல் சிவக்கிறது. கனல் மிகச் சிறியதாயிருந்தால் இங்கும் செலவே வெல்லும். அணைந்த தீக்குச்சியின் நுனியிலுள்ள பொட்டுக் கனல் ஊதினால் ஒரு கணம் ஒளிர்ந்து கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

அம்மாவின் ஊதுகுழலும் கொல்லனின் துருத்தியும் இந்த அறிவின் கருவிகள். எரிகிற கரி தானாகத் தரும் வெப்பம் சோறு ஆக்கப் போதும். இரும்பு ஆக்கப் போதாது. துருத்திக் காற்று அதை ஆயிரம் டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. இக்கலை நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. நொய்யல் ஆற்றங்கரையில் சென்னிமலைக்கு அருகேயுள்ள கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்த் துண்டுகளும் கிடைத்துள்ளன. இன்று பனியன் துணிக்குப் பெயர்பெற்ற இந்த ஆற்றுப் படுகையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காற்றை அளந்து ஊட்டத் தெரிந்தவர்கள் வாழ்ந்தார்கள்.

அளந்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுமையாக எரியச் சுமார் 6 கிலோ காற்று வேண்டும். இது ஏறக்குறைய 5 கனமீட்டர். ஒரு சிறிய குளியலறை கொள்ளும் காற்று. இதற்குக் குறைந்தால் எரிதல் முழுமையடையாமல் புகையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உண்டாகும். குளிருக்கு அஞ்சி அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகளை நாளிதழ்களில் படிக்கிறோம். நிறமும் மணமும் இல்லாத இந்த வாயுவை நம் மூக்கு அறியாது. மாறாக, காற்று அளவுக்கு மிஞ்சினால், எரிதலில் பங்கு கொள்ளாத நைட்ரஜன் நிறைய வந்து, சும்மா சூடாகி, வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

காற்றைத் தடுத்தும் ஊட்டியும் அளவோடு தரும் கருவிக்கு அரிக்கேன் விளக்கைப்போல் எடுத்துக்காட்டு வேறில்லை. அதன் கண்ணாடி, வெளிக்காற்று சுடரைத் தாக்காமல் காக்கிறது. உள்ளே சூடான வாயுவை மேலே இழுக்கும் குட்டிப் புகைபோக்கியாகவும் இருக்கிறது. இரு பக்கமும் உள்ள தகரக் குழாய்கள் விளக்கைத் தூக்குவதற்காக மட்டும் அமைந்தவையல்ல. மேலிருந்து காற்றைக் கீழே திரிக்குக் கொண்டுவரும் வழிகள் அவை. வெளியே காற்று எவ்வளவு வீசினாலும் திரிக்குச் செல்வது அமைதியான காற்றே.

எங்கள் ஊர்க் கரும்பாலை

வரவு செலவுக் கணக்கைக் கண்ணால் காண வேண்டுமானால் வெல்லம் காய்ச்சும் கரும்பாலைக்கு வரவேண்டும். எங்கள் வட்டாரத் தோட்டங்களில் ஆலைக் கொட்டகைகள் உண்டு. தரையில் பள்ளமாக வெட்டிய பெரிய அடுப்பு, அதன்மேல் அகன்ற கொப்பரை, ஒரு பக்கம் அடுப்பு வாய், எதிர்ப்பக்கம் புகைபோக்கி. சாறு பிழிந்து வெயிலில் காய்ந்த சக்கையே எரிபொருள். கரும்பே தன்னைக் காய்ச்சிக்கொள்ளும் விறகையும் தருகிறது.

சாறு கொதித்து நீர் வற்றி, பாகு ஏறக்குறைய 118 டிகிரியை எட்டும்போது வெல்லப் பதம் வருகிறது. அங்கே வெப்பமானி இல்லை. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிறார்கள். அதற்குமுன் பாதி வேலை அடுப்பு வாயில் சக்கை தள்ளுபவரிடம் இருக்கிறது. சென்ற ஆடி மாதத்தில் ஓர் ஆலையில் அடுப்பு வாயின் முன்னே பழைய தகரத் தட்டி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். சக்கை தள்ளிக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஏனுங்க ஐயா, அடுப்புக்குக் காத்து வேணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க, நீங்க மறிச்சு வெச்சிருக்கீங்களே?" என்று கேட்டேன்.

"வேணும் கண்ணு, அதுக்காக இத்தனை காத்தா?" என்றார் அவர். "மேக்கால காத்து நேரா உள்ள பாஞ்சா தீ அத்தனையும் புகைபோக்கிக்கே போயிருமுங்க. கொப்பரைக்கு ஒண்ணும் நிக்காது. சக்கை மட்டும் வண்டி வண்டியாத் தீரும்."

அவர் சொன்னதை அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். புகைபோக்கி 6 மீட்டர் உயரம். அதற்குள் வாயுவின் வெப்பநிலை 300 டிகிரி என்று கொள்வோம். அவ்வாயுவின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ, வெளிக்காற்றின் அடர்த்தி சுமார் 1.2 கிலோ. வேறுபாடு 0.6. இதனை உயரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் புகைபோக்கியின் இழுவிசை கிடைக்கும்: 0.6 × 6 × 10, அதாவது 36 பாஸ்கல். இனி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடுப்பு வாயில் மோதுவதாகக் கொள்வோம். நொடிக்கு 11.1 மீட்டர். அதன் அழுத்தம் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது: 0.6 × 123, அதாவது சுமார் 74 பாஸ்கல். புகைபோக்கி இழுக்கும் விசையைப்போல் இருமடங்கு! அந்நாளில் அடுப்பை ஆள்வது புகைபோக்கி அன்று, பாலக்காட்டுக் காற்று. தகரத் தட்டி அந்த ஆட்சியைத் திருப்பிப் பெறும் கருவி. பெரியவர் பாஸ்கல் என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் விடையை அறிந்திருந்தார்.

வேகத்தின் வர்க்கம் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியில் மிகை உண்டு. காற்றின் வலிமை சட்டென்று ஏறும் என்ற அனுபவமும் உண்டு.

பரப்பும் காற்று

இதுவரை ஓரிடத்தில் நின்று எரியும் தீயைப் பார்த்தோம். தீ நடக்கத் தொடங்கும்போது காற்று மூன்றாவது வேலை ஒன்றையும் மேற்கொள்கிறது. சுடரைச் சாய்த்து, இன்னும் எரியாத பொருளின்மேல் படுக்க வைக்கிறது. நிமிர்ந்த சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி வானத்துக்குப் போகிறது. சாய்ந்த சுடரின் வெப்பமோ முன்னாலுள்ள சருகை உலர்த்தி, சூடாக்கி, பற்றுவதற்குத் தயார் செய்கிறது. மேலும் காற்று தீப்பொறிகளைத் தூக்கிச் சென்று தொலைவில் போடுகிறது. அங்கே புதுத் தீ பிறக்கிறது. 1666-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் நகரில் ஒரு ரொட்டிக் கடையில் தோன்றிய தீ, பலத்த கீழைக்காற்றால் வீட்டுக்கு வீடு தாவி 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. வீடுகளை இடித்துத் தீயின் வழியை மறித்தார்கள், காற்றும் தணிந்தது. அதன்பிறகே தீயை அடக்க முடிந்தது.

எங்கள் ஊரில் இது கரும்புத் தோகைக்கு வைக்கும் தீயில் தெரியும். அறுவடை முடிந்த காட்டில் தோகை முழங்கால் அளவு கிடக்கும். காலையில் காற்று அடங்கியிருக்கிறது என்று நம்பிச் சிலர் தீ வைப்பார்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் இவ்வாறு மேற்கு ஓரத்தில் வைத்த தீ, பத்து மணிக்கு எழுந்த மேல்காற்றில் வரப்பைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் நின்ற கரும்பைப் பிடித்தது. அடுத்ததாக ஒரு சாளையும் வைக்கோற்போரும் எரிந்தன. நாங்கள் ஓடிப்போய்ச் சேருவதற்குள் அவ்வீட்டு அம்மா மாடுகளை அவிழ்த்து விரட்டியிருந்தார். அதனால் அவை பிழைத்தன. அன்று தென்னை மட்டைகளால் அடித்த எங்களில் ஒருவராலும் காற்று போகும் பக்கத்தில் நிற்க முடியவில்லை. இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் மட்டுமே தீயை நெருங்க முடிந்தது.

காற்றோடு போகும் தீ குதிரை. காற்றை எதிர்த்து வரும் தீ ஆமை. ஒரே காட்டில், ஒரே தோகையில், எந்த ஓரத்தில் பற்றுகிறது என்பதைப் பொறுத்து இரண்டும் உண்டாகும். எதிர்த்து வரும் தீயின் சுடர், எரிந்து முடிந்த கரியின்மேல் சாய்கிறது; முன்னாலுள்ள தோகையை அது மெதுவாகத்தான் பற்றும். தோகையைக் கொளுத்தாமல் பரப்பிவிட்டால் நிலத்தின் ஈரம் காக்கும், மக்கி உரமும் ஆகும் என்பது வேளாண் துறையினர் நெடுநாளாகச் சொல்லிவரும் அறிவுரை. தீயை வைக்காதிருப்பதே எல்லாவற்றினும் மேலானது.

காற்றோடு போகும் தீ எவ்வளவு விரைவாகப் போகும்? உலர்ந்த காட்டிலும் புதரிலும் தீயின் முன்னேற்றம் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பது காட்டுத்தீ ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய மதிப்பீடு. 40 கிலோமீட்டர் காற்றுக்கு மணிக்கு 4 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகம். காய்ந்த புல்வெளியில் இதைவிட விரைவு. மலைச்சரிவானால் வேறொரு கணக்கும் சேரும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் இருமடங்காகிறது என்பர். 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு! சரிவிலே தீ எழுப்பும் சூடான காற்றே மேலேயுள்ள புல்லைத் தழுவிச் செல்வதால் அங்கே காற்று இல்லாமலே காற்றடித்த விளைவு ஏற்படுகிறது. மனிதனோ மலையேறும்போது வேகம் குறைகிறான். தீயோ வேகம் கூட்டுகிறது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் நடந்த கொடுமையை நாம் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்தும், நம் பக்கத்து ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் பறிபோயின. காய்ந்த புல், செங்குத்தான சரிவு, காற்று ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் நிமிடங்களில்தான் இருக்கும்.

வெளிக்காற்று வேண்டாமலே தீ தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதற்குக் கும்பகோணம் மற்றொரு துயரச் சான்று. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்தில் தோன்றிய தீ, கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. மேலெழும் சூடான வாயு முதலில் தொடுவது கூரையைத்தான். அது காய்ந்த கீற்றாக இருந்தால், மெழுகுச் சுடரைக் கூராக நிறுத்தும் அதே வெப்பச்சலனம் கூரை முழுவதும் தீயை ஓட்டிச் செல்லும்.

பஞ்சாலையில்

நம் கல்லூரி நண்பர்கள் பலருடைய பெற்றோர் நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்கிறார்கள். விடுமுறையில் நாமும் போகிறோம். ஆகவே இதையும் சொல்ல வேண்டும். நூற்பாலையின் ப்ளோ ரூம் பகுதியில் பஞ்சுப் பொதிகளைப் பிரித்து, சுத்தம் செய்து, ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்குக் குழாய்கள் வழியே காற்றினால் அனுப்புகிறார்கள். பஞ்சில் கலந்துவிட்ட ஓர் ஆணியோ கம்பித் துண்டோ சுழலும் பற்களில் பட்டால் பொறி எழும். அப்பொறி பஞ்சில் கனலாக உட்கார்ந்துவிடும். சுடர் தெரியாது. ஊதுபத்தியின் கனல் போன்ற அந்தப் பொறியைக் குழாய்க் காற்று ஊதிக்கொண்டே அடுத்த இயந்திரத்துக்குக் கொண்டு சேர்க்கும். பஞ்சு வழியில் காந்தம் வைப்பதும், பொறியை உணரும் கருவி வைப்பதும், தீ தெரிந்தவுடன் காற்று விசிறியை நிறுத்துவதும் இதனால்தான். சுவரிலும் குழாயின் மேலும் படிந்திருக்கும் பஞ்சுத் தூசியைக் கூட்டித் துடைப்பது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. அத்தூசி தீ நடந்து செல்லும் பாதை.

நாம் செய்யத்தக்கவை

இந்த வரவு செலவுக் கணக்கிலிருந்து நம் வாழ்வுக்குரிய சில விதிகள் தாமாகவே கிடைக்கின்றன.

1. உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடுபவர் தமக்குத் தாமே துருத்தி வைத்து ஊதிக்கொள்கிறார். நின்ற இடத்தில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனத்த பருத்திப் போர்வையால் மூடிக் காற்றைத் தடுக்க வேண்டும்.

2. சமையல் எரிவாயு அடுப்பு எரியும்போது பக்கத்தில் மின்விசிறியைச் சுழல விடக் கூடாது. காற்று சுடரை அணைத்துவிட்டாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காற்றில் 2 விழுக்காடு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். கசிவு தெரிந்தால் எந்த மின்விசையையும் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

3. எரியும் எண்ணெய்ச் சட்டியை ஊதவோ, விசிறவோ, அதில் தண்ணீர் ஊற்றவோ கூடாது. அடுப்பை நிறுத்தித் தட்டத்தால் மூடினால் போதும்.

4. ஓர் அறையில் தீ பிடித்தால், ஆட்கள் வெளியேறிய பின் கதவைச் சாத்திவிட வேண்டும். புகை பார்ப்பதற்காகத் திறக்கும் கதவு உள்ளிருக்கும் தீக்கு ஊதுகுழல் ஆகும்.

5. கொட்டகை, சாளை, வைக்கோற்போர் இவற்றின் மேற்கே ஆனி, ஆடி மாதங்களில் அடுப்பு மூட்டக் கூடாது. அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டுமுன் தண்ணீர் தெளிக்க வேண்டும். காலையில் செத்ததுபோல் கிடக்கும் கனல் பத்து மணிக் காற்றில் கண் விழிக்கும்.

6. மலைச்சரிவில் தீயைக் கண்டால் அதற்கு மேலே ஏறி ஓடக் கூடாது. பக்கவாட்டில், பாறை நிலத்தையோ நீரோடையையோ எரிந்து முடிந்த தரையையோ நாட வேண்டும். காற்று போகும் திசையை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

காற்று தீக்கு நண்பனா, பகைவனா என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. தீயிடம் உள்ள வெப்பச் சேமிப்பு எவ்வளவு, காற்று கொண்டுபோவது எவ்வளவு, கொண்டுவருவது எவ்வளவு என்று கேட்க வேண்டும். தீ சிறியதாக இருக்கும் சில நொடிகளில் காற்று நம் பக்கம் இருக்கிறது. தீ தன் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகு காற்று அதன் பக்கம் போய்விடுகிறது. தீயணைப்புத் துறையினர் முதல் நிமிடங்களை அரியதாக மதிப்பதன் இயற்பியல் இதுவே.

நம் ஊர்களில் துருத்தி ஊதியவரும், சக்கை தள்ளுபவரும், கணவாய்க் காற்றைக் கண்டு வேலையைத் தள்ளிப்போட்ட உழவரும் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். காரணத்தைப் படித்த நாம் அவர்களுக்குப் பின்தங்கிவிடக் கூடாது. தீயைத் தொடுமுன் காற்று எப்பக்கம் என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடி ஒரு தோட்டத்தையோ, ஒரு வீட்டையோ, ஓர் உயிரையோ காக்கக்கூடும்.